ஒத்தைப் பொட்டு விளக்கு

ஜூன் 10, திங்கள்

இருபத்தெட்டாயிரமாம். ஒரே ஒரு விளக்குக்கு. கோயமுத்தூரிலிருந்து வந்த விற்பனைக்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த பதனத்தைப் பார்த்தால் பச்சைக் குழந்தையைக்கூட யாரும் அப்படித் தூக்கமாட்டாங்க. "அக்கா, காருக்கு பாலிஷ் போடறவங்க இது இல்லாம இருக்கவே முடியாது. பெயிண்டுல இருக்கற பொடிக் கோட்டையெல்லாம் காட்டிக் கொடுத்திரும்"ங்கறார்.

"எனக்குக் காட்டிக் கொடுக்க விளக்கு வேண்டாம், கண்ணு இருக்குது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மோகனசுந்தரம் அண்ணன் பனியன் கம்பெனியில் பதினாலு வருசம் செக்கிங் டேபிளில் நின்றவ நான். ருக்மணி பார்த்த பீஸ் திரும்பி வராதுன்னு அங்கே ஒரு பேச்சே உண்டு. அஞ்சு வருசம் முன்னால் நானும் எங்க வீட்டுக்காரர் தங்கவேலும் தாராபுரம் ரோட்டில் இந்தப் பட்டறையைப் போட்டபோதும் பேச்சு அதுதான். கழுவறது, உள்ளே சுத்தம் பண்றது அவர். பாலிஷ் மெஷின் என் கை.

ஆனாலும் விளக்கு வேணும். பட்டறை டியூப் லைட் சரியில்லை, ரொம்ப நாளாவே மங்கிப் போச்சு. நானே செய்யறேன். ரெண்டாயிரத்துக்குள்ள. போன வருசத்து கம்பெனி டைரி சும்மாதான் கிடக்குது, இதில் எழுதி வைக்கிறேன். என்ன பேப்பரோ, கோடு போட்டிருக்கறதே தெரியலை.

ஜூன் 12, புதன்

ஜாஹிர் பாய் கடையில் எல்.இ.டி. பட்டை அஞ்சு மீட்டர், நல்ல வெள்ளையா வேணும்னு சொல்லி வாங்கினேன். ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் ரெண்டாக் கிழிச்சு, உள்ளே பட்டையை மூணு வரிசை ஒட்டினேன். கைப்பிடிக்கு ஓட்டை இஸ்திரிப்பெட்டியோட பிடி. பைப்பு விளிம்பு கார் மேல் பட்டால் கீறிடும்னு சுத்தி எலாஸ்டிக் பட்டையைச் சுத்தினேன். திருப்பூரில் எலாஸ்டிக்குக்கா பஞ்சம்.

எரியவிட்டால் கண்ணில் ஊசி குத்தற மாதிரி கூசுது. மட்டமான பட்டைபோல. செக்கிங் டேபிள் ஞாபகம் வந்தது. அங்கே பால் கண்ணாடிக்கு அடியில்தானே டியூப் எரியும். வெளிச்சம் பரவி வரும், துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் தெரியும். அதே மாதிரி பட்டர் பேப்பர் ரெண்டு மடிப்பா ஒட்டினேன். இப்ப நிலா வெளிச்சம் மாதிரி இதமா இருக்குது. இவ்வளவுதான் விசயம். இதுக்குப் போய் இருபத்தெட்டாயிரம்.

சாயங்காலம் வண்டி ஓட்டறதை விட்டாச்சு. எதிரில் வர்றவன் எல்லாம் கண்ணைப் பறிக்கற பல்பை மாட்டிக்கிட்டு வர்றான். எங்க வீட்டுக்காரர் ஓட்டறார், நான் பின்னால் உட்கார்ந்துக்கறேன்.

ஜூன் 15, சனி

பாய் என்னை ஏமாத்திட்டார். வெள்ளைன்னு சொல்லி மஞ்சள் பட்டையைக் கொடுத்திருக்கார். ஒட்டினதைப் பிரிச்செடுத்துத் திருப்பிக்கொண்டு போய்ப் போட்டேன். அவர் பாக்கெட்டைக் காட்டறார். "தங்கச்சிம்மா, வெள்ளைக்கான நம்பர், ஆறாயிரத்து ஐநூறுன்னு போட்டிருக்குது பாரு. இதுக்கு மேல வெள்ளை கேட்டா நீலம்தான் வரும்."

"பாக்கெட்டுல என்ன வேணும்னாலும் அச்சடிக்கலாம் பாய்."

கடையில் நின்ற ரெண்டு எலக்ட்ரீஷியன்களும் திரும்பிப் பார்த்தாங்க. பாய் வேற பட்டை எடுத்துக் கொடுத்தார். இதுவும் மஞ்சளாத்தான் இருக்குது. பாய்க்கு வயசாகுது, கண்ணு தெரியலைபோல.

வீட்டில் இவர் வேட்டியெல்லாம் பழுப்பேறிக் கிடக்குது. தண்ணி சரியில்லை. சொட்டு நீலம் ரெண்டு மூடி சேர்த்துப் போட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

விளக்கு ஆச்சு. ஆயிரத்து எண்ணூத்திப் பத்து ரூபாய். அந்த விற்பனைக்காரர் இன்னொரு தடவை வரட்டும்.

ஜூன் 26, புதன்

மோகனசுந்தரம் அண்ணன் போன் பண்ணினார். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கறுப்புக் கார், புதுசு. ஷோரூமில் கழுவின கழுவில் மேலெல்லாம் கோடாம். "அம்மிணி, முதல்ல என் பழைய மெரூன் வண்டியைப் பண்ணிக் கொடுங்க. அது எனக்குப் பிடிச்சிருந்தா கறுப்பு உங்களுக்குத்தான். உங்க கண்ணை நம்பித்தான் கொடுக்கறேன்"னார். கம்பெனியில் மொத்தம் பத்து வண்டி, பிடிச்சுப்போனால் எல்லாமே வரும். ஆனால் அதைவிட, பதினாலு வருசம் வேலை பார்த்த இடத்துக்கு என் வேலை போகுது. அதுதான் எனக்குப் பெருசு.

இவர் மூணு மாசமாக் காலையில் ஆறு மணிக்கே பட்டறைக்குப் போயிடறார். கேட்டால் நடக்கறேன்ங்கறார். நடந்தவர் தொப்பை குறையக் காணோம்.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாளாச்சு. வாங்கணும்.

ஜூன் 30, ஞாயிறு

உடுமலையில் இவர் பெரியப்பா தவறிட்டார். இவர் நேத்தே போயிட்டார், வர மூணு நாளாகும். மெரூன் வண்டியை நான் ஒருத்தியாவே முடிச்சேன். கோட்டை அறுக்கற காம்பவுண்டு பசை ஒரு சுத்து, பாலிஷ் ஒரு சுத்து. என் விளக்கைப் பிடிச்சு பானெட்டு, கூரை, கதவு நாலும் ரெண்டு தரம் பார்த்தேன். ஒரு கோடு கிடையாது. தண்ணி விட்டால் நிற்காது, அவ்வளவு வழவழப்பு. சாயங்காலமே டிரைவர் வந்து எடுத்துட்டுப் போயிட்டார். போனில் இவர், "நான் வந்து ஒரு பார்வை பார்த்துட்டுக் கொடுத்திருக்கலாமே"ங்கறார். இவர் என்னத்தைப் பார்க்கறது? நான் பார்த்தாச்சு.

ஜூலை 1, திங்கள்

அண்ணன் போன் பண்ணினார். எழுதப் பிடிக்கலை.

ஜூலை 3, புதன்

எழுதித்தான் ஆகணும்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி வாசலில், வெயிலில் வண்டி நின்றிருக்குது. பானெட்டு பூரா சுருள் சுருளாக் கோடு, சிலந்தி வலை கட்டின மாதிரி. மெஷின் போன தடமெல்லாம் அப்படியே தெரியுதாம். கணக்குப்பிள்ளை, செக்யூரிட்டி, கட்டிங் மாஸ்டர் எல்லாரும் சுத்தி நின்று பார்த்திருக்காங்க. அண்ணன் திட்டலை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். "நீங்களா பார்த்து விட்டீங்க அம்மிணி?"ன்னு மட்டும் கேட்டார். கறுப்பு வண்டியை வேற இடத்துக்குக் கொடுத்துக்கறாராம்.

எனக்கு மானமே போச்சு.

வண்டியைத் திருப்பி வாங்கி வந்து பட்டறைக்குள்ளே நிறுத்தி விளக்கைப் பிடிச்சேன். ஒண்ணுமில்லை. வெயிலில் தள்ளினேன். எனக்குப் பளபளன்னு ஒரே கூச்சமா இருந்தது, கோடு தெரியலை. பக்கத்து டயர் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "என்னம்மா இது, தேங்காய் நாரால தேய்ச்சீங்களா"ன்னு கேட்டார். அவர் வாயை மூடச் சொல்லி அனுப்பிட்டேன்.

இன்னிக்கு மத்தியானம் இவர் ஊரிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாத்தாமல் மெஷினை எடுத்தார். ரெண்டு மணி நேரத்தில் வண்டி சரியாச்சு. இவர் எப்ப இவ்வளவு நல்லா பாலிஷ் போடக் கத்துக்கிட்டார்?

ஜூலை 9, செவ்வாய்

விளக்கில்தான் தப்பு. இன்னிக்குக் கண்டுபிடிச்சேன்.

ஆடி நெருங்குது, காத்தும் மேகமுமா இருக்குது. பட்டறை வாசலில் டயர் கடை அண்ணாச்சியோட பழைய வேன் நிக்குது, ஊர்ப்பட்ட கீறல். வெயில் அடிக்கறப்ப எனக்கே தெரியற கீறல், மேகம் மறைச்சதும் காணாமல் போகுது. மேகம் விலகினால் மறுபடி வருது. அரை மணி நேரம் நடுரோட்டில் நின்று வேனையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தேன். போறவங்க என்ன நினைச்சாங்களோ.

பட்டர் பேப்பர்தான் அந்த மேகம். துணியில் ஓட்டையைப் பார்க்கறதுக்குப் பரந்த வெளிச்சம் வேணும். பெயிண்டில் கோட்டைப் பார்க்கறதுக்குச் சூரியன் மாதிரி ஒரே புள்ளியிலிருந்து வரணும். பதினாலு வருசம் படிச்ச பாடத்தைக் கொண்டுவந்து காரில் வைச்சேன், அது என் காலை வாரிடுச்சு. செக்கிங் டேபிளில் நின்றவளைத் தவிர வேற யாரும் இப்படி ஒரு விளக்கைச் செய்து ஏமாந்திருக்கமாட்டாங்க.

சரி. மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 12, வெள்ளி

பாய் கடையில் ஒரே பொட்டா இருக்கற சிப்பு ஒண்ணு, இருபது வாட்ஸ். பொட்டுன்னா பொட்டேதான், நெத்தியில் ஒட்டிக்கலாம். பாய் பழசை மனசில் வைச்சுக்கலை. "வெள்ளைதான் தங்கச்சிம்மா, அல்லா மேல ஆணையா"ன்னு சொல்லிக் கொடுத்தார்.

நாலு நிமிசம் எரிஞ்சது. அப்புறம் ஒரு கருகல் வாசம், முடிஞ்சது. விரலும் பொசுங்கிடுச்சு.

ஜூலை 17, புதன்

ஆடி ஒண்ணு. பட்டறை காத்தாடுது. நல்லதுதான், விளக்குக்கு நேரம் கிடைச்சது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கழிச்சுப் போட்ட அலுமினியக் கட்டை ஒண்ணு வாங்கினேன், மேலே குட்டி ஃபேனோட. புதுசா வாங்கின சிப்புக்கும் கட்டைக்கும் நடுவில் வெள்ளைப் பசை தடவினால்தான் சூடு இறங்குமாம். பழைய ஸ்கூட்டர் பேட்டரியைத் தோள்பையில் போட்டு ஒயர் இழுத்தேன். மறுபடி இஸ்திரிப்பெட்டிப் பிடி, மறுபடி எலாஸ்டிக். ஒரு மணி நேரம் எரியவிட்டு உட்கார்ந்து பார்த்தேன், கட்டை வெதுவெதுப்பு தாண்டலை. பழைய விளக்கைவிட செலவும் குறைச்சல்.

ஜூலை 20, சனி

அண்ணாச்சி வேன் மேல் விளக்கைப் பிடிச்சால் முள்ளு முள்ளா விரியுது. சுத்தி வானவில் மாதிரி ஒரு வட்டம். கோடும் தெரியலை ஒரு எழவும் தெரியலை. சிப்பு சரியில்லை, மாத்தணும்னேன்.

இவர் வாங்கிப் பிடிச்சார். "நல்லாத் தெரியுதே ருக்கு. இதா, இங்க மூணு கோடு. இதா, இங்க ஒண்ணு. இந்த வேன் ஓட்டுறவன் அஞ்சு வருசமா எங்கெங்க உரசினான்னு சொல்லிரலாம்போல."

"சும்மா என் மனசுக்காகச் சொல்லாதீங்க."

"சரி, சொல்லலை"ன்னு விளக்கை அணைச்சு வைச்சுட்டார். எனக்கு அது இன்னும் ஆத்திரமா வந்தது.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் இவர் கிளம்பிப் பத்து நிமிசம் கழிச்சு நானும் ஆட்டோ பிடிச்சுப் போனேன். பட்டறை வாசலில், கிழக்கு வெயில் படற மாதிரி, நான் நேத்து முடிச்சு வைச்ச வெள்ளை வண்டி நிக்குது. இவர் மெஷினை வைச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்கார். ஒவ்வொரு கதவா, குனிஞ்சு பார்த்து, நான் விட்ட இடமா.

"எத்தனை நாளா நடக்குது இது?"

மெஷினை அணைச்சார். "பங்குனியிலிருந்து."

நாலு மாசம். நாலு மாசமா நான் முடிச்ச வண்டி எதுவும் நான் முடிச்சதில்லை. உடுமலைக்குப் போன மூணு நாளில் ஒரே ஒரு வண்டிதான் நான் மட்டும் பார்த்தது, அதுதான் திரும்பி வந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"ஜாஹிர் பாய்க்கே கண்ணு தெரியலைன்னுட்டே. கண்ணைப் பத்தி உன்கிட்டப் பேச எனக்கு எங்க தெம்பு இருக்குது?"

பையில் இருந்த பட்டர் பேப்பர் சுருளை அவர் மேல் எறிஞ்சேன். அது அவர்கிட்ட போய்ச் சேரக்கூட இல்லை.

ஜூலை 25, வியாழன்

ரெண்டு நாளாப் பேச்சு வார்த்தை இல்லை. அரிசி, பருப்பு, துணி, குழாய்த் தண்ணி, வேலையெல்லாம் நடக்குது. நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு நானேதான் சொன்னேன். சரின்னு தலையாட்டினார்.

ஜூலை 26, வெள்ளி

ரெண்டு கண்ணிலும் புரை. வலதில் முத்திடுச்சாம். சர்க்கரைக்காரங்களுக்குச் சீக்கிரம் வருமாம். "இவ்வளவு நாளா என்ன வேலை பார்த்தீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. கார் பாலிஷ், வேலையே கோடு பார்க்கறதுன்னு சொல்ல வாய் வரலை. இவர்தான் சொன்னார். அந்தம்மா பேனாவைக் கீழே வைச்சுட்டு என்னைப் பார்த்தாங்க.

ஆபரேசன் பண்ணினால் சரியாயிடும். ஆனால் பண்ணின பிறகு தூசி, தண்ணி, மெஷின் ஆகாது, ஒரு மாசத்துக்கு. அப்படின்னா கறுப்பு வண்டியைத் திருப்பிக் கேட்கலாம்ங்கற நினைப்பும் போச்சு. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். வயசான ஒரு அம்மா, "ஒண்ணும் வலிக்காது கண்ணு"ன்னு தேத்தினாங்க. வலிக்குப் பயந்து அழலைன்னு அவங்களுக்கு எப்படிச் சொல்றது.

ஜூலை 29, திங்கள்

கம்பெனிக்குப் போனேன். பழைய செக்கிங் டேபிளைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகணும். யாரையும் பார்க்காமல் போனேன்.

"அண்ணா, எனக்குக் கண்ணுல புரைங்க. மெரூன் வண்டி அதனாலதான். விளக்கும் தப்பாச் செஞ்சுபோட்டேன்."

அண்ணன் உட்காரச் சொன்னார். "உடம்பைப் பாருங்க அம்மிணி முதல்ல. வண்டி எங்க போகுது?"

"கறுப்பு வண்டியை எனக்கே கொடுங்க."

"கண்ணு தெரியலைங்கறீங்க, வண்டியைக் கேக்கறீங்க."

"நம்ம கம்பெனியில ஒரு பீஸை ஒருத்தர் மட்டுமாங்கண்ணா பார்க்கறோம்? ரெண்டு டேபிள் தாண்டினாத்தான பெட்டிக்குள்ள போகுது. இனி நான் தைக்கற டேபிள், எங்க வீட்டுக்காரர் செக்கிங். பத்து மணி வெயில்ல உங்க வாசல்லயே நிறுத்தறோம். ஒரு கோடு இருந்தாலும் நான் இந்தத் தொழிலே பண்ணலை."

அண்ணன் மேசைக் காலண்டரைப் புரட்டினார். "ஆவணிக்கு முன்னால வேணும்"னார்.

வெளியே வந்ததும்தான் என்ன சொல்லிட்டு வந்தேன்னு உறைச்சது. கடைசி வாக்கியத்தை யோசிச்சுச் சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கறுப்பு வண்டி வந்தது. ஆபரேசனை இதுக்கப்புறம்னு தள்ளி வைச்சாச்சு. இந்தக் காலத்துப் புது வண்டிக்கு மேல்பூச்சே மெலிசு. அழுத்தித் தேய்ச்சால் ஒரே தரம்தான், பூச்சு போனால் போனதுதான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இப்படிப் பண்றோம். இவர் விளக்கைப் பிடிச்சு ஒவ்வொரு கதவாப் பார்க்கறார். கோடு இருக்கற இடத்துக்குப் பக்கத்தில், செக்கிங்கில் ஒட்டற அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டறார். கம்பெனியிலிருந்து ஒரு அட்டை வாங்கி வந்திருக்கேன். அம்பு எனக்கு நல்லாத் தெரியுது, சிவப்பு. அம்பு காட்டற இடத்தில் நான் மெஷினை வைக்கிறேன். அழுத்தம், வேகம், எப்ப நிறுத்தறதுன்னு என் கைக்குத் தெரியும், சத்தத்திலேயே தெரியும். அப்புறம் இவர் மறுபடி பார்த்து, போயிருந்தால் அம்பை எடுக்கறார், இல்லைன்னால் தலையாட்டறார்.

முதல் நாள் பானெட்டில் மட்டும் நாப்பத்தொரு அம்பு. செக்கிங்கில் இவரை மாதிரி ஒருத்தி இருந்திருந்தால் நாங்க எல்லாரும் சேர்ந்து அடிச்சுத் துரத்தியிருப்போம்னேன். முதல் தடவையா ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேத்தற மைக் சத்தம் காதைக் கிழிக்குது. கூரை முடிஞ்சது. இடது பக்கம் முடிஞ்சது. முதுகு போச்சு.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பத்து மணி. கம்பெனி வாசல். மேகம் வந்துடுமோன்னு வானத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன், நல்லவேளை வரலை. அண்ணன் சுத்தி வந்தார், குனிஞ்சு பார்த்தார், கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒரு கறுப்பு மினுக்கம், அதில் மூணு ஆள் நிழல். அவ்வளவுதான் தெரிஞ்சது. அவங்க மூஞ்சிகூடத் தெரியலை, அதனால் காதைத் தீட்டிக்கிட்டு நின்றேன்.

"பத்திரிகை வைக்க வீட்டுக்கு வர்றோம் அம்மிணி"னார் அண்ணன்.

இவர் என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேத்து வலது கண் ஆபரேசன். இன்னிக்குக் கட்டுப் பிரிச்சாங்க. எழுதக்கூடாதுன்னு சொன்னாங்க, ஆனால் இதை எழுதாமல் இருக்க முடியாது.

இவர் எதிரில் நிக்கறார். வேட்டி நீலம். லேசா இல்லை, நல்ல வானத்து நீலம்.

"என்னங்க இது வேட்டி?"

"நீ போட்ட நீலந்தான்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

புரைக் கண்ணில் பழுப்பாத் தெரிஞ்சதுன்னு நான் கொட்டக் கொட்ட, இந்த மனுசன் நீல வேட்டியைக் கட்டிக்கிட்டுத் திருப்பூர் பூரா சுத்தியிருக்கார். உடுமலை எழவு வீட்டுக்கும் அதில்தான் போயிருக்கார். சிரிச்சால் கண்ணுக்கு ஆகாதுன்னு நர்ஸ் அதட்டினாங்க. எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது, அதுக்கும் அதட்டினாங்க.

விளக்கைக் கொண்டுவரச் சொல்லித் தூரத்தில் சுவரில் அடிக்கச் சொன்னேன். வெள்ளை. கொஞ்சம் நீலம்கூட அடிக்குது. ஜாஹிர் பாய்கிட்ட என்ன மூஞ்சியை வைச்சுக்கிட்டுப் போறது?

ஆகஸ்ட் 30, வெள்ளி

போனேன். மன்னிப்புக் கேட்டேன். "தங்கச்சிம்மா, அதை விடு. அந்த விளக்கு மாதிரி நாலு செஞ்சு கொடு, பல்லடத்துல ரெண்டு பட்டறை கேக்குது"ங்கறார். அடுத்த மாசத்திலிருந்து செய்யறேன்னு சொல்லியிருக்கேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ஒரு மாசம் முடிஞ்சது. மெஷின் பிடிக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இடது கண் தை மாசம்.

பட்டறைக்குப் போகலை. விளக்கை எடுத்துக்கிட்டு நேராக் கம்பெனிக்குப் போனேன். கறுப்பு வண்டி ஷெட்டில் நின்றது. இவர் பேட்டரிப் பையோட பின்னாலேயே வந்தார், என்னத்துக்குன்னு கேட்கலை.

பானெட்டில் ஆரம்பிச்சேன். வலது கண்ணால் மட்டும், இடதை மூடிக்கிட்டு. பொட்டு வெளிச்சம் கறுப்பில் சின்னதா, உருண்டையா, முள்ளில்லாமல் நின்றது. நகர்த்த நகர்த்தக் கூடவே வந்தது. சுத்தம். கூரை சுத்தம். நல்லாத்தான் பார்த்திருக்கார் மனுசன். வலது பக்கக் கண்ணாடிக்கு அடியில், ஆள் குனிஞ்சால்தான் தெரியற இடத்தில், வெளிச்சம் ஒரு இடத்தில் உடைஞ்சது. விரல் நீளம்கூட இல்லை. மயிரிழைக் கோடு.

எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதறது. பதினாலு வருசத்தில் எத்தனை ஆயிரம் ஓட்டை கண்டுபிடிச்சிருப்பேன், ஒண்ணுக்குக்கூட இப்படி நெஞ்சு அடிச்சதில்லை. "ஏனுங்க, இங்க வாங்க"ன்னேன். இவர் குனிஞ்சு பார்த்துட்டு, "அடடா, விட்டுட்டேனே"ன்னு தலையைச் சொறிஞ்சார்.

அண்ணன் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெத்தியில் வைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தேடினார்.

"கல்யாணமே முடிஞ்சுபோச்சு அம்மிணி. இதைப் போய் யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்க்கறேனுங்கண்ணா."

பையிலிருந்து சிவப்பு அம்பு ஒண்ணை எடுத்து நானே ஒட்டினேன். மெஷினை எடுத்துட்டு வரச் சொல்லி இவரைப் பட்டறைக்கு அனுப்பினேன். அவர் வர்ற வரைக்கும் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.